பாய்மரப் படகுக்கு ஒரு சமையற்காரர்

அப்பா,

இன்று தபாலில் ஒரு பட அட்டை வந்தது. செங்குத்தான பாறைக்கரை, கீழே நீலக்கடல், ஓரமாக வெள்ளைப் பாய் விரித்த ஒரு படகு. சீமைக்குப் போன நம் பழைய துரையின் மனைவி, துரைசாணி, உங்களுக்குத்தான் எழுதியிருக்கிறார். நீங்கள் கண்மூடி எட்டு மாதமானது அவருக்குத் தெரியாது. வாசித்துவிட்டு மேசையில் வைத்தேன். அழுகை வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தத் தொடங்கினேன்.

தேயிலைத் தோட்டத்து வேலையிலிருந்து துரை ஓய்வு பெற்றுச் சீமைக்குத் திரும்பும் வழியில், மத்தியதரைக் கடலில் ஒரு மாதம் படகை வாடகைக்கு எடுத்துச் சுற்ற நினைத்தார். பங்களாவில் இருபது வருடம் சமைத்த உங்களையும் கூட்டிப்போவதாகச் சொன்னார். அன்றிலிருந்து நம் லயத்து வீட்டில் வேறு பேச்சில்லை. துரை கொடுத்த கடல்வழிப் புத்தகத்தை நான் வாசித்துத் தமிழில் சொல்வேன். எந்தக் குடாவில் நங்கூரம் பிடிக்கும், எங்கே நல்ல தண்ணீர் கிடைக்கும், எந்த மாதத்தில் மலையிலிருந்து திடீர்க்காற்று இறங்கும் என்றெல்லாம். படகின் பின்பக்கத்தைக் கயிறு போட்டுப் பாறையில் கட்ட வேண்டும் என்று வந்த இடத்தில் என்னை நிறுத்தினீர்கள். "அப்ப மாட்டக் கட்டுற மாதிரிதான்" என்றீர்கள்.

படகு ஆடும்போது சமையற்காரர் இடுப்பில் வார் கட்டிக்கொள்வார் என்று வாசித்தேன். மறுநாளே அம்மாவின் பழைய சேலையால் வீட்டு முன்திண்ணை இஸ்தோப்பின் தூணோடு உங்களைக் கட்டிக்கொண்டு ரொட்டி சுட்டீர்கள். அம்மா பார்த்துவிட்டு, "இத்தன வருசம் நான் கட்டிப்போடாம விட்டதுதான் தப்பு" என்றார்.

பயணத்துக்குப் பாஸ்போர்ட் வேண்டும். அதற்கு இலங்கைப் பிரஜாவுரிமை வேண்டும். நம் தோட்டத்து ஆட்களுக்கு அது விண்ணப்பம் போட்டு, விசாரணையில் தேறினால்தான் கிடைக்கும். உங்கள் விண்ணப்பத்தை விசாரிக்க நுவரெலியாவுக்கு அழைத்தார்கள். மொழிபெயர்க்க வந்த என்னோடு, பங்களாவின் வெள்ளைக் கோட்டை வெளுத்துப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். கடலுக்குப் போகத் தோதான ஆளா என்று பார்க்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என நீங்கள் நம்பியிருந்தது எனக்கு அப்போது தெரியாது. இங்கே வாழ்ந்த காலத்தின் நடுவில் ஒரு வருடத்துக்கு மேல் இந்தியாவில் தங்கியவர்களுக்குப் பிரஜாவுரிமை மறுக்கப்படும் என்பதை வாசித்திருந்தேன். நீங்கள் ஒன்றரை வருடம் அங்கே இருந்ததும் தெரியும். அதைச் சொல்ல வேண்டாம் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெற்றவருக்குப் பொய் சொல்லிக்கொடுப்பதா என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அதிகாரி சிங்களத்தில் கேட்டார். நான் அதை உங்களிடம் தமிழில் கேட்டேன். இந்தியாவுக்குப் போனதுண்டா?

"போயிருக்கேங்க ஐயா. ஆத்தா படுத்த படுக்கையா கெடந்துச்சு, ஒன்றர வருசம் கூடவே இருந்துட்டுத்தான் வந்தேன். ஆனா கடலு நமக்கு ஒத்துக்கும்ங்க. கப்பல்ல எல்லாரும் வாந்தி எடுத்தாங்க, நான் கட்டுச்சோறு தின்னுக்கிட்டு இருந்தேன்."

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். நான் அத்தனையையும் சிங்களத்தில் சொன்னேன். கட்டுச்சோற்றைக்கூட விடவில்லை. அவர் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும், "கடலு ஒத்துக்கும்னு சொன்னியா பாப்பா?" என்று கேட்டீர்கள். சொன்னேன் என்றேன்.

மறுப்புக் கடிதம் வந்தது. துரை மத்தியதரைக் கரையிலேயே சமையலுக்கு ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் புதுத் துரைக்குச் சமைக்கப் போனீர்கள். அந்த அறையில் வேறென்ன சொன்னேன் என்று கடைசிவரை நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது தோட்டத்தில் யாருக்கு விசாரணை வந்தாலும் என்னைத்தான் கூட்டிப்போகிறார்கள். போன கிழமை, கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவோடு போனேன். இந்தியாவில் கணவரின் ஊரில் இரண்டு வருடம் இருந்த கதையை அவர் ஒன்றுவிடாமல் அதிகாரியிடம் சொன்னார். முழுவதையும் கேட்டுக்கொண்டு, இரண்டு மாதம் இருந்தாராம் என்று சிங்களத்தில் சொன்னேன். குரல் மாறவில்லை. அவ்வளவு சுலபமாக இருந்தது, அப்பா.