தொட்டிக்குள்ளிருந்து பதில்

2024 ஜூன் 9, ஞாயிறு

கங்கைக்கு அடியில் மெட்ரோ ஓட ஆரம்பித்த வருஷம் இது. தேர்தல் முடிவு வந்து தெருவெல்லாம் வெடி வெடித்த வாரத்தில் இசைக்காரர் ஷோம் பாபு போய்விட்டார். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் செல்வராணி எழுதுகிறாள். "எல்லாத்தையுமா மாமா?" என்கிறாள். ஆமாம், எல்லாத்தையும்.

பவானிபூரில் அவர் வீட்டு முற்றம் நிறைய ஆட்கள். அவர் இசையில் ராகமும் இல்லை, தாளமும் இல்லை என்று ஒரு காலத்தில் பத்திரிகைகள் சிரித்தன. இன்றைக்கு ஜெர்மனியிலிருந்து வந்த பெண் தேம்பி அழுகிறாள்.

ஜூன் 10

கார்டன் ரீச் கப்பல் பட்டறையில் நான், மணிவேல், முகமது ரபீக் மூவரும் தகடு அடித்தவர்கள். கப்பலின் அடித்தொட்டி மூடியை முறுக்கி அடைக்குமுன் வெளியே நிற்பவன் சுத்தியலால் மூன்று தட்டு தட்ட வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் இரண்டு தட்டு பதில் வரும். வந்தால் அடைக்கக் கூடாது.

இதைக் கேள்விப்பட்டுத்தான் ஷோம் பாபு எங்களைத் தேடி வந்தார். பழைய இரும்புத் தொட்டியை முற்றத்தில் போட்டார். நாங்கள் வெளியே தட்டுவோம், அவர் உள்ளே உட்கார்ந்து பதில் தட்டுவார். பதில் வரும்வரை கச்சேரி, நின்றால் முடிந்தது. அவர் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோனது அதுதான்.

மணிவேல் போய் இருபது வருஷம். ரபீக் கொரோனாவில்.

ஜூன் 16

ஸ்மரண சபை, அவருக்கான நினைவுக் கூட்டம். அவர் மகள் மது, என்னைக் காக்கு, அதாவது சித்தப்பா என்பாள், கேட்டாள்: "வீரா காக்கு, கடைசியா ஒரு தடவை தட்டுங்க. பாபா இல்ல, பதில் வராது. அந்த அமைதிதான் அஞ்சலி."

மூடியைப் போட்டு மூன்று தட்டினேன்.

உள்ளிருந்து இரண்டு.

ஏற்பாடு என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள். மது முகம் மட்டும் வெளுத்தது. திறந்து பார்த்தோம். துரு வாசம். வேறொன்றுமில்லை.

ஜூன் 17

என் காது கெட்டுவிட்டதா? எல்லோருக்கும் கேட்டதே—

ஜூன் 20

வீடு முன்னமே விற்றாகிவிட்டது. சனிக்கிழமை தொட்டியை வெட்ட ஆள் வருகிறான். "காலின்னு நீங்க சொன்னாத்தான் வெட்ட விடுவேன் காக்கு" என்கிறாள் மது.

எப்படிச் சொல்ல? பதில் கேட்ட பிறகும் காலி என்றவனைப் பட்டறையில் கொலைகாரன் என்போம்.

"செத்தவரை மறுபடி சாகடிக்க முடியுமா மாமா?" என்றாள் செல்வராணி.

முடியும்மா. அதான் பயமா இருக்கு.

ஜூன் 22

காலையில் லேக் மார்க்கெட்டில் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பவானிபூர் போனேன். தொட்டியைத் திறந்து, பட்டறையில் செய்வதுபோல் கைவிளக்கை அதன் வாயில் தொங்கவிட்டேன். "பாபு, வேலை முடிஞ்சுது. வெளியே வாங்க."

வெட்டுகிறவன் சிரித்தான். "தாத்தா, உள்ள இருக்கறவருக்கு ஒரு டீ சொல்லவா?"

காற்றே இல்லை. விளக்கு ஆடியது. நின்றது. மறுபடி ஆடியது. ஏறி வருகிறவன் தோள் இடித்தால் ஆடுமே, அப்படி. மூன்று தடவை. நான் பாபு ஒருவரைத்தான் கூப்பிட்டேன்.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

மூடினேன். தட்டினேன். காத்திருந்தேன். பதில் இல்லை. மது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா போனதிலிருந்து இன்றுதான் அழுகிறாள்.

"காலி" என்றேன்.

வெளியே வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சரிபார்த்துத்தான் பட்டறையில் வீட்டுக்கு அனுப்புவோம். கூப்பிட்டேன். ஷோம் பாபு. ரபீக். மணிவேல். யாரும் குரல் கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் ஒரு பெயர், என்னுடையது. அதையும் நானே கூப்பிட்டேன்.

வீரபாண்டியன்.