லண்டன்காரிக்கு நெய்த கோடிப் புடவை

இன்று காலை உன் ரேடியோவின் முதுகைத் திறந்து பார்த்தேன். நாலு பேட்டரியும் கசிந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தன. புளித்த மோரும் துருவும் கலந்த மாதிரி ஒரு வாடை. நீ போன பிறகு உன் வீட்டம்மா என் கையில் கொடுத்த ரேடியோ இது. மூன்று வருஷமாக அலமாரியில் வைத்திருக்கிறேன், ஒரு நாளும் போட்டதில்லை. டீக்கடையில் கேட்பவர்களிடம் மட்டும், "சனிக்கிழமை தவறாம லண்டன் கேக்கறேன், நேத்துகூட அங்க நல்ல மழையாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்களும் குடை எடுத்துக்கொண்டு போகாத குறைதான்.

சேவூரில் உன் தறிவீடு ஞாபகத்துக்கு வருகிறது. நீ தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பாய். தறியின் குறுக்குச் சட்டத்தில் ரேடியோ தொங்கும். நான் களம்பூர் ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற பாய்லர் பார்த்தவன். நான் ஒரு நாள் போகாவிட்டால் தாலுகா முழுக்கப் பச்சரிசிதான் தின்றிருக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் வேலை முடித்து, பஸ்ஸை முந்திக்கொண்டு சைக்கிளில் உன்னிடம் வந்துவிடுவேன். அப்படித்தான் தொண்ணூறுகளில் ஒரு சாயங்காலம், ரேடியோ முள்ளைத் திருகிக்கொண்டிருந்தபோது லண்டன் ஸ்டேஷனில் அவள் குரல் அகப்பட்டது. பின்னால் ஊதுகுழல், பியானோ, தட்டிக்கொடுக்கிற மாதிரி மெல்லிய டிரம். ஜாஸ் என்பார்கள் என்று நான்தான் உனக்குச் சொன்னேன். அந்த ஒன்று மட்டும் நிஜம்.

நீ தறியின் மிதியை நிறுத்திவிட்டுக் கேட்டாய். "தாளத்துக்கு முன்னாடியும் போவல, கூடவும் போவல. கொஞ்சம் பின்னாடியே வர்றாடா. ஆனா தவறி வுழல பாரு" என்றாய். இருபது வருஷம் தறியில் ஊடிழை ஓட்டுகிற நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விட்டவனுக்குத்தான் அது கேட்கும். எனக்குக் கேட்கவில்லை. கேட்டது போலத் தலையாட்டினேன்.

பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் பேச ஆரம்பித்தான். நீ என்னைப் பார்த்தாய்.

"இன்னாடா சொல்றான்?"

எட்டாவதோடு நான் நின்றது உனக்குத் தெரியும். ஒன்பதாவதில் சேர்ந்திருந்தால் வாத்தியார்களுக்குச் சங்கடம் என்றுதான் நின்றேன். ஆனால் சென்னை ஓட்டலில் மூன்று வருஷம் ஜூஸ் போட்டபோது வெள்ளைக்காரர்களோடு மணிக்கணக்காகப் பேசியவன் என்று உன்னிடம் அளந்திருந்தேனே, அதற்கு இப்போது வேலை வந்துவிட்டது. அவர்களோடு நான் பேசிய இங்கிலீஷ் மொத்தம் இரண்டு வார்த்தை. ஐஸ், நோ ஐஸ்.

"துறைமுகத்துல மூட்டை தூக்கறவரு மவளாம்" என்றேன்.

"மூட்டைன்னா உங்க மில்லு மூட்டை மாதிரியா?"

"அதவிட பெருசுடா. அந்த ஊர்ல எல்லாமே பெருசு."

அன்று ஆரம்பித்தது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அவன் ஏதோ சொல்வான், நான் அவள் வாழ்க்கையைச் சொல்வேன். சாப்பாட்டுக்கடை ஒன்றில் தட்டு கழுவிக்கொண்டே பாடினாள். எட்டு வாத்தியக்காரர்களோடு ஒரு ஓட்டை பஸ்ஸில் ஊர் ஊராகப் போனாள். அரண்மனையில் பாடக் கூப்பிட்டார்கள், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பாடுவேன் என்றாள். சில வாரம் வேறு யாராவது பாடுவார்கள். அன்றைக்கு அவளுக்குத் தொண்டைக் கட்டு என்பேன். அவள் பெயரை நாம் ஒரு தடவைகூட முழுசாகச் சொன்னதில்லை. உனக்கு அவள் லண்டன்காரி.

உன் வீட்டம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். "அந்தம்மா பாடறது ரெண்டு நிமிசம், அண்ணா சொல்றது ரெண்டு மணி நேரம். காபி ஆறிகினு கீது, ஜல்தி குடிங்க."

என் பெண்சாதி தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பி வராத வருஷம் அது. அதை யாரிடமும் நான் சொல்லவில்லை. உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்றுதான் சொன்னேன். ஆனால் அந்த மாதமே லண்டன்காரியின் பியானோக்காரப் புருஷன் அவளை விட்டுப் போய்விட்டான். நீ நாடாவைக் கீழே வைத்தாய். "அப்ப அவளுக்குச் சோறு யாருடா போடறாங்க?" என்றாய். அன்றிலிருந்து சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு எனக்கு உன் வீட்டில்தான் என்றானது. அது எப்படி ஆனது என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகுதான் வந்தது வினை. "தறியில ஏத்தின இந்தப் பாவுல கடைசிப் பட்டுப்புடவை அவளுக்குடா. மயில் கழுத்து கலர், சின்ன பார்டர். நீ அந்த ஸ்டேஷனுக்கு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதி அட்ரஸ் வாங்கு" என்றாய். நான் கவர் வாங்கினேன், பேனா வாங்கினேன். மூன்று வாரம் தபால்காரன்மேல் பழியைப் போட்டேன். உட்கார்ந்து எழுதப் பார்த்தால் 'டியர்' வரைக்கும் வந்தது, அதற்குமேல் வரவில்லை. யாராவது படித்தவனிடம் போனால் எனக்கு இங்கிலீஷ் தெரியாத சேதி இரண்டே நாளில் ஆரணிக்கே தெரிந்துவிடும். நாலாவது வாரம் அறிவிப்பாளன் கொஞ்சம் தணிந்த குரலில் பேசினான். எனக்கு அது போதும்.

"செத்துட்டாளாம்" என்றேன்.

புடவை நின்றுவிடும், கடிதமும் வேண்டாம் என்பதுதான் என் கணக்கு. நீ மிதியிலிருந்து காலை எடுத்தாய். முகத்தைத் துடைத்துக்கொண்டாய். பிறகு கேட்டாய்: "கூடப்பொறந்தவங்க யாராவது?"

"ஒத்தப் பொண்ணு. யாரும் இல்ல."

"அப்ப கோடி யாருடா போடறது?"

பெண் செத்தால் பிறந்த வீட்டார் புதுப்புடவை கொண்டுவந்து போர்த்தாமல் நம் ஊரில் எடுப்பதில்லை. அது இல்லாமல் ஒருத்தி போவதை உன்னால் தாங்க முடியவில்லை. நிறுத்துவதற்காக நான் சொன்ன பொய்யே உன்னை நெய்ய வைத்துவிட்டது. கல்யாண ஆர்டரை ஒதுக்கிவைத்துவிட்டு, பதினாறாம் நாள் காரியத்துக்குள் முடிக்க வேண்டும் என்று நெய்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய சாவு ஊர்வலத்தை உனக்குச் சொன்னேன். நாற்பது ஊதுகுழல் என்றேன். அதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன், மன்னித்துக்கொள்.

"செத்தவளுக்கு மயில் கழுத்து கலர்ல கோடி எடுத்தவங்க நீங்க ரெண்டு பேருதான்" என்றாள் உன் வீட்டம்மா. ஆனால் மஞ்சள், வெற்றிலை எல்லாம் அவளே எடுத்துவைத்தாள். பதினாறாம் நாள் போன பின்பும் அந்தப் புடவையை விற்க நீ சம்மதிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் பூ விற்ற, யாருமில்லாத ஒரு கிழவி இறந்தபோது நீ போய் அதைப் போர்த்திவிட்டு வந்தாய். முழுப்பட்டு போர்த்திக்கொண்டு கமண்டல நாகநதிக் கரைச் சுடுகாட்டுக்குப் போனவள் ஆரணியிலேயே அவள் ஒருத்திதான்.

அதன் பிறகு நாலைந்து மாதம் இருக்கும். அதே சாயங்காலம், அதே ரேடியோ. ஒரு மண்டபம் நிறைய ஜனம் கைதட்டுகிற சத்தம். லண்டன்காரி பேசினாள், ஏதோ சொல்லிச் சிரித்தாள், இரண்டு தடவை இருமினாள், பாட ஆரம்பித்தாள். தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால், தவறி விழாமல். அன்றைக்கு எனக்கே கேட்டது.

"பழைய ரெக்கார்டுடா. செத்தவங்கள பெருமையா போடுவாங்க இல்ல" என்றேன்.

நீ என்னைப் பார்க்கவில்லை. "இருமறா பாரு. சளி புடிச்சிகினு கீது போல" என்றாய். மறுபடியும் மிதியை மிதித்தாய்.

அவ்வளவுதான். சண்டை இல்லை, முகம் கோணவில்லை, சாப்பாடும் நிற்கவில்லை. ஆனால் 'இன்னாடா சொல்றான்' என்ற அந்தக் கேள்வியை அதற்கப்புறம் நீ கேட்கவே இல்லை. எத்தனை சனிக்கிழமை. பாட்டு முடியும், அறிவிப்பாளன் பேசுவான், நீ இழையைப் பார்த்துக்கொண்டிருப்பாய். நான் வாய்க்குள் கதையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது கேட்டால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். நீ கேட்கவில்லை. கேட்காமல் எனக்குச் சொல்ல வரவில்லை. மார்வலி என்று உன்னை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றும் பஸ்ஸில் உன் தலை என் தோளில்தான் இருந்தது. அப்போதும் நான் வழியிலிருந்த ஊர்ப்பெயர்களைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

உன் காரியம் முடிந்து உன் வீட்டம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவருக்குத் தெரியுமாம்மா? என்மேல கோவமா?" என்றேன்.

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்கண்ணா" என்றாள். பொய் சொல்கிறவள் இல்லை அவள். ஆக, அது எனக்குத் தெரியப்போவதில்லை.

இப்போது டீக்கடையில் பையன்கள் செல்போனில் இங்கிலீஷ் பாட்டு வைத்துவிட்டு, "பெரியப்பா, இன்னா சொல்றாங்க இதுல?" என்று கேட்கிறார்கள். மழையைப் பற்றி எத்தனை பொய்யும் சொல்வேன். இதற்கு மட்டும், "தெரியலப்பா" என்கிறேன். ஆரணி தாலுகாவிலேயே அந்த வார்த்தையை என்னைப்போல அழுத்தம் திருத்தமாகச் சொல்ல ஆள் கிடையாது, போ. அவர்கள் சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்க வேண்டியவன் நீ.

தெரியலடா. அன்னிக்கும் தெரியல.