இன்லேண்டில் இறங்காத வரி

நவம்பர் 4
வாடைக் காற்று பிடித்துவிட்டது. நாலு நாளாகக் கடலுக்கு யாரும் போகவில்லை. வகுப்பில் பதினொரு பிள்ளைகள்தான். வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், பென்சில், அழி ரப்பர்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தேசராணி வந்தாள், மீன் கழுவிய கையோடு. அந்தமானுக்கு மீன் பிடிக்கப் போன புருஷனிடமிருந்து இரண்டு வருஷம் கழித்துக் கடிதம். தன் அண்ணனோடு சண்டை போட்டுக் கிளம்பிய ஆள். படித்துக் காட்டினேன். 'வரவா, வேணாமா? நீயே சொல்லு.'

"வந்துடுனு எழுது டீச்சர். அவ்ளோதான்."

எனக்கு நேராக இன்லேண்ட் கடிதத்தாளில் எழுத வராது. கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். முதலில் நோட்டில் பென்சிலால் எழுதி, அழித்து, திருத்தி, அப்புறம்தான் பேனாவால் இறக்குவேன். இறக்கிய வரிக்கு ஒரு டிக். குப்பத்து மனு, விண்ணப்பம் எல்லாம் அப்படித்தான்.

ஒன்றரைப் பக்கம் வந்தது. மழை, ஒழுகும் கூரை, பாப்பா பேச ஆரம்பித்தது. படித்துப் பார்க்க எனக்கே பெருமை.

நவம்பர் 5
தூறல். இடைவேளையில் இன்லேண்டில் இறக்கினேன். இடம் போதவில்லை, ஓரம் வரை நெருக்கல். நடுவில் ஹெச்.எம். வருகைப் பதிவேடு கேட்டார். ஒட்டிப் பெட்டியில் போட்டாயிற்று.

டிசம்பர் 9
தலைவலி. அந்தமான் பதில் வந்தது. தேசராணிக்குப் படித்தேன். 'எல்லாம் எழுதின. வான்னு மட்டும் எழுதல. புரிஞ்சிடுச்சு. தை பொறந்தா வேற ஊருக்குப் போறேன்.'

"நான் சொன்னேனே டீச்சர்?"

நோட்டை எடுத்தேன். எல்லா வரிக்கும் டிக். கடைசியாக 'வந்துவிடுங்கள்'. அதற்கு மட்டும் இல்லை. மடிப்பில் எழுதலாம் என்று வைத்திருந்தேன். ஹெச்.எம். கூப்பிட்டதில் மறந்து ஒட்டிவிட்டேன், பாவி.

அவளுக்கு எழுத்து தெரியாது, மறைத்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வெட்கக்கேடு. சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை.

"நான் சொன்னது ஒரே வார்த்த. அதுக்கா எடம் இல்ல?"

டிசம்பர் 10
மழை இல்லை. புது இன்லேண்ட். நோட்டைத் தொடவில்லை. நேராக, பெரிய எழுத்தில்: வந்துடு. மற்றதெல்லாம் வெறும் தாள். தேசராணி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா டீச்சர், இவ்ளோ எடம் மிச்சம் கீது?"

ஒட்டினேன். தபால்காரர் கையிலேயே கொடுத்தேன். கப்பல் தபால். தை பிறக்க ஒரு மாதம் சொச்சம்தான்; புயல் காலம், கப்பல் எப்போது கிளம்புமோ. ஆண்டவனே.

ஜனவரி 22
நல்ல வெயில். பொங்கல் லீவு முடிந்தும் பாதிப் பிள்ளைகளைக் காணோம். சாக்பீஸ் தீர்ந்தது.

பதினோரு மணிக்குத் தேசராணி பள்ளிக்கூடத்துக்கே ஓடிவந்தாள். ஏரியில் கையால் தடவி இறால் பிடித்த ஈரச் சேலை. முகமெல்லாம் சிரிப்பு. இன்லேண்ட் வாசலில் கிடந்ததாம். நனையாமல் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"பிரிக்கவே இல்ல டீச்சர். இன்னா எழுதிக்கீறாரு, படி."

வாங்கினேன். மேலே சிவப்பு மையில் இங்கிலீஷில், ஆள் இந்த விலாசத்தை விட்டுப் போய்விட்டார் என்று. கீழே அந்தமான் விலாசம், என் கையெழுத்தில்.