சோப்புப் போட்டுக் கழுவிய கெண்டி

ஜூன் 6, 2016, திங்கள்

இன்று பதினொரு தேநீர்க் கெண்டிகள் வந்தன. ஒன்றுகூட உருப்படி இல்லை. ஒன்றை சோயா சாற்றில் வேகவைத்திருக்கிறார்கள். இன்னொன்றைப் பன்றித் தொழுவத்தில் புதைத்துத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கொண்டுவந்தவன் அதை மூக்கருகே பிடித்துக்கொண்டு, “பழமையோட மணம், பியான் டீச்சர், மிங் காலம்”ங்கிறான். த்தூ. பன்றிக்கு எந்தக் காலமாக இருந்தால் என்ன?

கை கழுவி மாளவில்லை. டிங்ஷான் ஊரில் பாதிப் பேர் கெண்டி செய்கிறார்கள், மீதிப் பேர் அதைக் கிழடாக்குகிறார்கள். நடுவில் நான் ஒருத்தி, கெண்டிச் சங்கத்து மதிப்பீட்டாளர், ஊர் மரியாதைக்கு ‘டீச்சர்’, முத்திரையும் கையுமாக.

ஜூன் 9

படகுத் திருநாள், விடுமுறை. இலையில் கட்டிய சோற்றுப்பொதி நாலு தின்றேன். வயிறு கல் மாதிரி. மழை விடவில்லை.

ஜூன் 10

காலையில் யின் கிழவர் போனில் ஒரே ஓலம். லாரிக் கம்பெனி நடத்தி ஓய்வு பெற்றவர். அவரிடம் இருக்கும் தாவ்குவாங் பேரரசர் காலத்துக் கெண்டிக்குப் பத்து வருஷத்துக்கு முன் சான்றிதழ் எழுதியது நான்தான். நூற்றெழுபது வருஷப் பழசு என்று எழுதினேன்.

“டீச்சர், என் குடியைக் கெடுத்துட்டா! எம் மருமக, அந்த அன்ஹுய்க்காரி, பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டு, கம்பி நார் வச்சு, உள்ளயும் வெளியயும் தேச்சுட்டா!”

எனக்கும் பகீரென்றது. கெண்டிக்குள் சோப்பா? வெந்நீர், விரல், அவ்வளவுதான் இங்கே வழக்கம். உள்ளே கறை ஏற ஏறத்தான் கெண்டிக்கு மதிப்பு. எச்சில் கிண்ணத்தைக்கூட யாரும் அப்படித் தேய்க்க மாட்டார்கள் — கெண்டியையா?

“மூளை இருக்கா அவளுக்கு?” என்று கத்தினேன். ஆமாம், நான்தான் கத்தினேன். எழுதி வைக்கிறேன்.

அன்றைக்கே அவளை அம்மா வீட்டுக்குத் துரத்திவிட்டாராம். நாலு வயசுப் பேத்தி தோதோவை இங்கேயே வைத்துக்கொண்டார். நான் வந்து சேதத்தைப் பார்த்து முத்திரை போட்டு எழுதித் தர வேண்டுமாம். அதைக் காட்டி சம்பந்தி வீட்டாரைத் தலைகுனிய வைத்த பிறகுதான் குழந்தை தாயிடம் போகும். இல்லாவிட்டால் போகாது.

ஜூன் 12, ஞாயிறு

போனேன். கெண்டி பட்டுத்துணி மேல் இருந்தது. கிழவர் பிணத்தைக் காட்டுவது மாதிரி துணியை விலக்கினார்.

மூடியைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தேன். இந்த வயசுக் கெண்டி என்றால் மண்ணைத் தகடாகத் தட்டி, வளைத்து, ஒட்டித்தான் செய்திருப்பார்கள். பிடிக்குப் பின்னால் உள்சுவரில் ஒட்டின கோடு தெரியும். விரல் வைத்தால் நிரடும்.

கோடு இல்லை. சுற்றிச் சுற்றி விரலை ஓட்டினேன். வழவழவென்று இருந்தது. விளக்கில் பார்த்தால் மூக்குப் பக்கம் ஒன்று, பிடிப் பக்கம் ஒன்று, நேருக்கு நேர் அச்சு சேர்ந்த தடம். மண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றி எடுத்த சரக்கு. என் அக்கா மகனைவிடச் சின்ன வயசு இதுக்கு. பத்து வருஷத்துக்கு முன் இதையெல்லாம் நகக்கனக் கறை மூடியிருந்தது. கறையைச் சுரண்டினால் மதிப்பு போய்விடும் என்று மதிப்பீட்டாளர் யாரும் சுரண்டுவதில்லை. நானும் சுரண்டவில்லை.

“எவ்வளவு சேதம் டீச்சர்?”

அவர் ஊற்றின தேநீரைக் குடித்துவிட்டு, “யோசிச்சு எழுதணும்”னு சொல்லிவிட்டு வந்தேன். வாசலில் அந்தக் குழந்தை என் செருப்பை எடுத்து நேராக வைத்தது. “அம்மா கூட வந்தீங்களா?” என்றது.

சீ, என்ன பிழைப்பு இது.

ஜூன் 13

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 15

வியாபாரி கொங் வந்தான். அந்தக் கெண்டியை யினுக்கு விற்றவன். இவனுக்கு மட்டும் எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ. ஒரு கூடை லிச்சிப் பழம் வேறு.

“அக்கா, எதுக்கு வம்பு? சேதம்னு நாலு வரி எழுதிக் கொடுங்க. கிழவனுக்குத் திருப்தி, உங்க பேருக்கும் பங்கமில்ல.”

“அந்தப் பொண்ணு?”

“அவ கிடக்கா, வெளியூர்க்காரி. ரெண்டு மாசம் அழுதுட்டு வந்து கால்ல விழுவா. குடும்பம்னா சகஜம்தானே?”

சிரித்துக்கொண்டே ஒரு பழத்தை உரித்து என்னிடம் நீட்டினான். விரலெல்லாம் சாறு. த்தூ. கூடையோடு வெளியே போடா என்றேன். போனான். ஆனால் அவன் சொன்னதையேதான் மூன்று நாளாக நானும் மனசுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் இன்னும் அருவருப்பு.

ஜூன் 17

யின் வீட்டில் சொல்லிவிட்டேன். கெண்டி போலி, நான் எழுதினது தப்பு, உங்க மருமக கெடுக்கறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல என்று.

கிழவர் முகம் சிவந்தது.

“அவ எவ்வளவு கொடுத்தா உங்களுக்கு?”

“உள்ள விரல் விட்டுப் பாருங்க ஐயா.”

“பத்து வருஷம் என் கையால தேநீர் ஊத்தி வளர்த்தது! எனக்குத் தெரியாதா? போலியா இருந்தா இப்படிப் பளபளன்னு ஏறுமா?”

பொய் என்று தெரிவதைவிட மருமகள் பாவி என்று இருப்பது அவருக்கு நிம்மதி. மகன் யின் போ மூலையில் போனைத் தடவிக்கொண்டிருந்தான். முப்பத்திரண்டு வயசு. தலையைக்கூட நிமிர்த்தவில்லை. என்ன ஜென்மமோ.

“வாயால யாரு வேணா சொல்லலாம்,” என்றார் கிழவர். “முத்திரை வச்சு எழுதிக் கொண்டாங்க. உங்க பேரை நீங்களே கெடுத்துக்கத் தைரியம் இருந்தா நம்பறேன்.”

ஜூன் 19

எழுதிவிட்டேன். ‘கழுவியதன் பின் வெளிப்பட்ட புதிய ஆதாரங்களின்படி, முன்னர் வழங்கிய மதிப்பீடு திருத்தப்படுகிறது.’ முத்திரை குத்தினேன். மூன்று பிரதி: யினுக்கு, சங்கத்துக்கு, அந்தப் பெண்ணுக்கு. அவளுக்கு முதலில் நானே கொண்டுபோய்க் கொடுப்பதாக முடிவு. படித்துப் பார்த்தேன், கண்ணியமாக இருந்தது. கொஞ்சம் பெருமைகூட வந்தது எனக்கு. வெட்கக்கேடு.

ஜூன் 20

அந்தப் பெண்ணின் ஊரான குவாங்தேக்கு பஸ்ஸில் போய் வந்தேன். யுன் — அதுதான் அவள் பெயர் — தன் அண்ணனின் நூடுல்ஸ் கடையில் கீரை அலசிக்கொண்டிருந்தாள். ஒல்லிப் பெண். கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

“நான் ஏன் கழுவுனேன்னு ஒருத்தருமே கேக்கலையே டீச்சர். நீங்களும் கேக்கல.”

கேட்டேன்.

“திருநாளைக்கு மாமா அதுல தேநீர் போட்டு, இதுல குடிச்சா நீ பெரிய ஆளா வருவேன்னு சொல்லி தோதோ வாயில ஊத்தினாரு. அது வாந்தி எடுத்துச்சு. ‘அம்மா, செருப்பு நாத்தம்’னுச்சு. மூடியைத் தொறந்து மோந்து பாத்தேன். மாமா அதைப் பழமையோட மணம்பாரு; செருப்புக்குப் போடற பாலிஷ், டீச்சர். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊத்தினா கப்புனு வருது. குழந்தை குடிக்கிறதாச்சேன்னு தேச்சுட்டேன்.”

கீரைத் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினாள்.

“நீங்க பெரிய மதிப்பீட்டாளரு. அன்னைக்கு உங்களுக்கு வாசனை வரலையா?”

“அப்ப அது காஞ்சு கெடந்துச்சும்மா,” என்றேன். “காஞ்சா வாசனை தெரியாது.”

அவள் தலையாட்டினாள். எனக்கு ஒரு கிண்ணம் நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்தாள். நானும் தின்றேன்.

ஜூன் 21

பொய்.

2006 நவம்பர். கொங் கொடுத்த விருந்து. மேஜையில் ஏழு பேர், எல்லாரும் பெரிய தலைகள். கொங் அந்தக் கெண்டியில் வெந்நீர் ஊற்றி என் கையில் கொடுத்தான். மூடியைத் திறந்தேன். நாற்றம் வந்தது. லேசாகக்கூட இல்லை — நன்றாகவே வந்தது. சின்ன வயசில் என் அப்பா பூட்ஸ் துடைப்பாரே, அதே நாற்றம். ஏழு பேரும் “ஆகா, என்ன பழமை” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். முத்திரை எனக்கு வந்து மூன்று மாசம்தான் ஆகியிருந்தது. நான் மட்டும் மூக்கைச் சுளித்தால் கத்துக்குட்டி என்பார்கள். மூடியை மூடினேன். “நூற்றெழுபது வருஷம் இருக்கும்” என்று நானே முதலில் வருஷக் கணக்குச் சொன்னேன். கைதட்டினார்கள்.

பத்து வருஷமாக இதை இந்த நோட்டில்கூட எழுதவில்லை நான். பன்றித் தொழுவத்துக்காரனைப் பார்த்துத் துப்பினேனே. அவனாவது பன்றியைத்தான் ஏமாற்றினான் என்று சொல்லலாம் — இல்லை, அதுவும் சரியில்லை. என்னவோ. எதைச் சொன்னாலும் இப்போது எனக்கே நான் நாறுகிறேன்.

ஒரு குழந்தை குடித்திருக்கிறது அதை.

அந்தக் கண்ணியமான கடிதத்தில் என்னிடம் மிச்சமிருந்த இரண்டையும் கிழித்தேன். புதிதாக எழுதினேன். ‘அன்றே பாலிஷ் நாற்றம் வந்தது. தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். அந்தக் கெண்டியில் கழுவ வேண்டியதைத்தான் அந்தப் பெண் கழுவினாள்.’ முத்திரை. மூன்று பிரதி. யுனுடையது தபாலில்.

ஜூன் 24

சங்கத்து ஆள் வந்து முத்திரையை வாங்கிப் போனார். “இதையெல்லாம் எழுதியா கொடுப்பாங்க?” என்று கேட்டார். அவரும் அந்த ஏழு பேரில் ஒருவர்.

ஜூன் 26

கிழவர் கடிதத்தை வாங்கவே மாட்டேன் என்றாராம். யின் போதான் பிரித்துப் படித்திருக்கிறான். மாலை எனக்குப் போன் செய்தான். கெண்டியின் வயசைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

“நிஜமாவே பாலிஷா?”

“ஆமா.”

“தோதோ திருநாளுக்கப்புறம் ரெண்டு நாள் வயித்த வலிக்குதுன்னு அழுதா டீச்சர். அம்மாவைத் தேடறான்னு நெனச்சோம்.”

போனை வைத்துவிட்டான்.

ஜூலை 4, திங்கள்

மழை நின்றுவிட்டது. காய்கறிக்காரி சொன்னாள்: யின் போ குழந்தையைத் தூக்கிக்கொண்டு குவாங்தேக்குப் போய்விட்டான், அங்கேயே லாரி ஓட்ட வேலையும் பார்த்துக்கொண்டான். கிழவர் கெண்டியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாராம். பக்கத்தில் என் பழைய சான்றிதழ்.

மதியம் தபால் வந்தது. யுன் எழுதியிருக்கிறாள், நாலு வரி. ‘தோதோ வந்துவிட்டாள். டாக்டரிடம் காட்டினோம், ஒன்றுமில்லை என்றார். உங்கள் இரண்டாவது கடிதத்தை வைத்துக்கொண்டேன், முதலாவதை அடுப்பில் போட்டேன். இனி நீங்கள் இங்கே வர வேண்டாம்.’