அம்மாவுக்குப் பக்கத்து இடம்

ஸ்க்லாரிவ்கா,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள அலியோனா அக்காவுக்கு,

தம்பி தெமியான் எழுதுகிறேன். கையும் காலும் இருக்கின்றன, இடது காது மட்டும் இரைகிறது. அப்பா நன்றாக இருக்கிறார். செல்போன் கோபுரம் விழுந்ததிலிருந்து இங்கே சிக்னல் கிடையாது, அதனால் இதை மீட்பு வண்டி ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அதே வண்டியில் அப்பாவும் வருகிறார். ஆமாம், சரியாகத்தான் படித்தாய். ஒப்புக்கொண்டுவிட்டார். எப்படி என்பதை அவர் வாயிலிருந்து உன்னால் வாங்க முடியாது, அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்டது. உங்கள் ஜெர்மன் ஊர் தேவாலயப் பெண்கள் ஏதோ கண்காட்சி வைக்கிறார்கள், நம் ஊர் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பு என்றாய். நகராட்சி போட்ட புத்தகத்தைப் பார்த்து எதையும் சொல்லிவிடாதே. அதில் பக்கத்துக்குப் பக்கம் 'வீர நகரம்'. அதைப் போட்ட மேயர் முதல் வாரமே குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். இப்போது தலைநகரில் உட்கார்ந்துகொண்டு எங்கள் கோட்டை விழாது என்று தொலைக்காட்சியில் பேசுகிறார். கோட்டையில் மீதி இருப்பவர்கள் போக இடமில்லாத கிழவர்களும், அவர்களை விட்டுப் போக முடியாதவர்களும்தான்.

உண்மை வரலாறு சின்னது. இங்கே நல்ல மணல் இருந்தது. மணலுக்காகக் கண்ணாடி ஆலை வந்தது, ஆலைக்காக ஊர் வந்தது. உலகப் போரில் ஜெர்மன்காரர்கள் வந்தார்கள், போகும்போது ஆலையைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். இதை அந்தப் பெண்களிடம் எப்படிச் சொல்வது என்பது உன் பாடு. பிறகு ஜெர்மன் கைதிகளை வைத்தே அதைத் திரும்பக் கட்டினார்கள், அதையும் சேர்த்துச் சொல். சோவியத் உடைந்ததும் எவனோ ஆலையை வாங்கி, இயந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போட்டான். அதற்குப் பெயர் போர் இல்லை, ஆனால் ஊரில் பாதி வீடு அப்போதே காலியாயிற்று. 2014இல் போர்முனை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. அதன் பிறகு இந்தப் பெரிய போர். நாட்டுக்கே ஜன்னல் கண்ணாடி செய்து அனுப்பிய ஊரில் இன்று எல்லா ஜன்னலிலும் பலகை அடித்திருக்கிறோம். இவ்வளவுதான்.

இனி அப்பா விஷயம்.

அம்மா போனபோது, இங்கே எல்லோரும் செய்வது போல அவரும் கல்லறையில் இருவருக்குமாக இரட்டைக் கல் வைத்தாரே, நினைவிருக்கும். இடது பாதியில் அம்மா. வலது பாதியில் ஆலை அடையாள அட்டையிலிருந்த மீசையோடு அப்பாவின் முகம். அவருக்குக் கீழே பிறந்த வருடம், ஒரு கோடு, அப்புறம் வெறும் கல். வண்டியை இரண்டு முறை திருப்பி அனுப்பியதற்குக் காரணம் அந்தக் கல்தான். "என் மூஞ்சிய அங்க வெட்டி வெச்சிருக்குடா. உங்கக்கா ஊருல போய் நான் எவன் பக்கத்துல படுக்குறது? பாதிக் கல்லு வெறுமனே நின்னா, கலினாவோட புருஷன் ஓடிட்டான்னு ஊரு பேசும்" என்றார். ஊரில் யாருப்பா இருக்கிறார்கள், நாமும் நாய்களும்தானே என்றேன். "நாய் மட்டும் பேசாதா?" என்று கேட்டார். இவரிடம் என்ன பேசுவது?

நான் நகராட்சித் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். போன கடிதத்தில் இதை உனக்குச் சொல்லவில்லை. பழைய ஓட்டுநர் போன பிறகு வேறு ஆள் கிடைக்கவில்லை. குழாய் செத்துப் பல மாதம் ஆகிறது, லாரி வந்தால்தான் தண்ணீர். செவ்வாய்க்கிழமை நம் கட்டடத்துக்கு முன்னால் ஜனங்கள் குடங்களோடு வரிசையில் நின்றபோது குண்டு விழுந்தது. நான் லாரிக்கு மறுபக்கம் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு வலேரி வரிசையில் முதல் ஆள். அங்கேயே போய்விட்டார்.

வலேரியும் அப்பாவும் 2014இலிருந்து ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்ததுகூட இல்லை. ஒரே மாடி, எதிரெதிர்க் கதவு. வலேரி அந்தப் பக்கத்துக்காரர்கள் வருவார்கள் என்று காத்திருந்தவர். "அவங்க வரட்டும், ஆலை மறுபடி ஓடும்" என்று படிக்கட்டில் நின்று சத்தமாகச் சொல்வார், அப்பா காதில் விழ வேண்டும் என்பதற்காகவே. அப்பா கதவை அறைந்து சாத்துவார். கடைசியில் வந்தது அவர்கள் குண்டுதான்.

அவரைப் புதைப்பது பெரும்பாடாகிவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் புது வரிசைகள் கிழக்கே இருக்கின்றன. அங்கே முழுக்கக் கண்ணிவெடி. மரங்கள் அடர்ந்த பழைய பகுதிக்குப் பனி மூடிய காலையில் போய் வரலாம், ட்ரோன் கண்ணில் படாது. ஆனால் அங்கே வெற்றிடம் கிடையாது, எல்லாம் குடும்பக் குடும்பமாக வேலி போட்ட இடம். மற்றவர்களை முற்றத்தில் ஊஞ்சலுக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவில் புதைத்தது போல இவரையும் புதைத்துவிடலாம் என்றேன். அவர் மனைவி நீனா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "குப்பைத் தொட்டிக்குப் பக்கத்துலயா தம்பி? அவரு என்ன பூனையா?"

அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "என் எடம் காலியாத்தான் கெடக்கு. கொண்டுபோய் வைங்க" என்றார்.

நீனா அவரை நம்பவில்லை. "அர்காதி அண்ணே, இந்த நேரத்துல வெளையாடாதீங்க" என்றாள். அதற்கு அவர், "எனக்கு இன்னும் தேவைப்படலயே. மண்வெட்டி எங்க?" என்றார்.

வியாழக்கிழமை பனி இறங்கியது. திரைச்சீலையில் சுற்றிக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். வேண்டாம் என்றாலும் கேட்காமல் அப்பாவும் தோண்டினார். மண்ணைத் தள்ளி முடித்ததும் குழியைப் பார்த்து, "பத்து வருஷம் ஒரு வணக்கம் சொல்லல, இப்ப என் பொண்டாட்டி பக்கத்துல படுத்திருக்கான் பாரு" என்றார். அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, "கலினா, கொஞ்சம் பொறுத்துக்க. அரசியல் பேசினான்னா நல்லா நாலு வார்த்தை கேளு, உன் வாய்க்கு அவன் தாங்க மாட்டான்" என்றார். நீனா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். வலேரியின் பெயரை வீட்டிலேயே ஒரு பலகையில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அதைக் கல்லின் வலது பாதியில் கம்பியால் கட்டினார். மீசை மறைந்துவிட்டது. ஒரு நிமிடம் நின்று பார்த்தார். முடிச்சு தளர்வாக இருந்தது என்று அவிழ்த்து மறுபடி கட்டினார்.

திரும்பி வரும் வழியில் என்னைப் பார்க்காமலே, "வண்டி எப்ப வருது?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றேன். "நீ எனக்காகத்தான இங்க கெடக்குற? நான் போயிட்டா நீயும் கெளம்பிடுவ. எனக்கும் இங்க இனிமே எடம் இல்ல. சரிதானே?" என்றார். சரிதான்ப்பா, அடுத்த வண்டியில் நானும் கிளம்பிவிடுகிறேன் என்றேன்.

அக்கா, நான் கிளம்பப் போவதில்லை. இந்த ஊரில் லாரி ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் மிச்சம். மாற்று ஆள் அனுப்புங்கள் என்று நகராட்சிக்கு எழுதினேன். பாராட்டுப் பத்திரம் அனுப்பினார்கள். என் வயசு ஆண்களை எல்லை தாண்ட விடமாட்டார்கள் என்பது அப்பாவுக்கும் தெரியும், குறைந்தது உள்நாட்டில் எங்காவது போய் இருப்பேன் என்று நம்புகிறார். இதைப் படித்ததும் கிழித்துவிடு.

நீனா பாதி வழி வரை கூட வருகிறாள். எல்லையிலிருந்து அவர் தனிதான், நீ நேரில் போய்க் கூட்டிக்கொள். இரத்த அழுத்த மாத்திரை உள் பையில் இருக்கிறது, சாப்பிட்டேன் என்று பொய் சொல்வார். பால்கனியில் நின்று சிகரெட் பிடிக்கட்டும், திட்டாதே. அத்தான் அவருக்கு ஜெர்மன் மொழி கற்றுக்கொடுக்கக் கிளம்ப வேண்டாம், சும்மா இருக்க விடுங்கள்.

தெமியான் எப்போது வருகிறான் என்று உன்னைக் கேட்பார். அடுத்த வண்டியில் என்று சொல். மறுநாளும் கேட்பார், அதையே சொல். உன் முகத்தைப் பார்ப்பார் அக்கா, அதனால் பாத்திரம் கழுவிக்கொண்டே சொல். நல்லபடியாக இரு, குழந்தைகளை முத்தமிடு.

என்றும் உன் தம்பி,
தெமியான்.