நான் வரையாத சுவர்

அன்பு மகன் சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பாடு இறங்குகிறது, முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். போனில் கேட்டபோதெல்லாம் ஊர் பிரமாதம் என்றேன், அது பாதிதான் உண்மை. மீதியைப் போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து கத்துவாய்.

வந்த புதிதில் நிஜமாகவே கால் தரையில் பாவவில்லை. இந்தப் பழைய நகரத்தில் கோட்டைச் சுவரை ஒட்டிய சந்துகள் முழுக்க ஓவியம்தான். கடை ஷட்டரை இறக்கினால் ஒரு பெரிய மீன், ஏற்றினால் மீன் சுருண்டு உள்ளே போய்விடும். எனக்குச் சந்து சந்தாகக் காட்டியவள் இங்கே சுவர் வரைகிற பெண், உன் வயதுதான் இருக்கும். எங்கே போனாலும் தோளில் ஏணியோடு போவதால் அவளுக்குப் பெயரே ஏணி. கடைசியில் தன் சுவரைக் காட்டினாள். நான்கு மாடி உயரத்துக்கு அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்களின் முகங்கள். ரொட்டிக் கடைக்காரர், சக்கர நாற்காலியில் பழைய பஸ் டிரைவர், நடுவில் ஒரு தையல்காரம்மா. இவங்கள வெளியேத்திட்டு ஹோட்டல் ஆக்கப் பாக்குறாங்கம்மா, போகமாட்டோம்னு சொல்லத்தான் வரைஞ்சேன் என்றாள். தையல்காரம்மாவின் கண்ணில் இருந்த பிடிவாதத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மறுநாள், சுவரோவியம் வரைய என்னை இந்த ஊருக்கு வரவழைத்த ஏற்பாட்டாளர், வேலை நடக்கும் இடத்திலேயே அறை என்று கூட்டிப்போனார். போனால் அதே கட்டடம். நான் வரைய வேண்டியதும் அதே சுவர். முகங்களை வெள்ளையடித்துவிட்டு அதன்மேல் ஹோட்டலுக்குப் பொருத்தமாகப் பூக்கொடி வேண்டுமாம். மூன்றாம் மாடியில் ஏற்கெனவே காலியான ஒரு வீட்டில் என்னை வைத்தார்கள். சாரம் கட்டிப் பச்சை வலையைப் போர்த்திவிட்டதால் பட்டப்பகலிலும் கிணற்றுக்குள் இருக்கிற மாதிரி வெளிச்சம். நான் படியிறங்கினால் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே, உங்களுக்கு வேற சுவரே கிடைக்கலையா என்று கேட்டார்.

ஏற்பாட்டாளரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன் கண்ணா. அவர் கோபப்படவில்லை. காபி வாங்கிக் கொடுத்து, நிதானமா யோசிங்க மேடம், நீங்க இல்லன்னா வேற ஆள், சுவர் எப்படியும் வெள்ளையாத்தான் ஆகப் போகுது என்றார். பதிவு செய்வதற்கென்று வந்த அன்றே வாங்கிக்கொண்ட பாஸ்போர்ட்டைக் கேட்டால், ஆபீஸ்ல பத்திரமா இருக்கு, வேலை முடியட்டும் என்கிறார். போலீஸில் போய்ச் சொன்னேன். ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டுட்டுத்தானே வந்தீங்க, பேசித் தீத்துக்குங்க என்று அனுப்பிவிட்டார்கள். வரையவும் மனமில்லை, கிளம்பவும் வழியில்லை.

நான் மறுத்தது ஏணிக்காவது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவளோ, நீங்க ஒத்துக்கிட்டிருந்தா ஒரு முகத்தையாவது பூவுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கலாம், இனி ஒண்ணும் மிஞ்சாது என்றாள். ஒளிந்திருக்கிற முகத்தை யார் தேடப்போகிறார்கள், என் பூவைத்தான் பார்த்து ரசிப்பார்கள் என்றேன். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நேற்று வெள்ளையடிக்கிற ரோலர்காரர்கள் வந்து மேலேயிருந்து அடித்துக்கொண்டே இறங்கினார்கள். என் ஜன்னலை ஒட்டித்தான் தையல்காரம்மாவின் முகம். ஈர ரோலர் உருளும் சத்தம் தாங்காமல் படிக்கட்டுக்கு வந்தால் அந்த அம்மாவே அங்கே நிற்கிறார். நீங்க மாட்டேன்னு சொன்னத ஏணி வீடு வீடா வந்து சொல்லிட்டா, அந்த இருட்டுல தனியா என்ன பண்றீங்க, என் ரூமுக்கு வாங்க, பின்பக்க ஜன்னல்ல வெயில் வரும் என்று என் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். அவருடைய தையல் மெஷின் பலகையில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். காலி பண்ணச் சொல்லி ஆள் வந்தால் கதவைத் திறக்கக் கூடாது என்று எனக்கும் உத்தரவு. சுவர் வரைய வந்தவள் இப்போது இந்த வீட்டில் ஒரு குடித்தனக்காரி.

அவசரப்பட்டு டிக்கெட் போடாதே, பாஸ்போர்ட் இல்லாமல் அதை வைத்து என்ன செய்வது. நம் தூதரகத்துக்கு நான் எழுதியாயிற்று, நீயும் அங்கிருந்து விடாமல் பேசு. குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டிய மாதம் இது, மறந்துவிடாதே. மருமகளிடம் இதைப் பக்குவமாகச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் மனம் குளிர்ந்து இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். தையல்காரம்மா கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்திவிட்டு, வாயில் விரல் வைத்துக் காட்டுகிறார். மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா