விசில் முந்தியா, கூச்சல் முந்தியா

என் அன்பு அண்ணா,

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. இவ்வளவு நாளும் உங்களுக்கு ஒரு வரி எழுதப் பயந்துகொண்டிருந்தேன். எழுதினால் அந்தப் படத்தைப் பற்றி எழுத வேண்டிவரும்.

முதலில் இங்கத்தைய புதினம். பக்கத்து வீட்டில் கலர் தொலைக்காட்சி வாங்கியிருக்கிறார்கள். உதைபந்தாட்டத்தில் ஏதாவது நடந்தால் அதையே திரும்பவும் மெதுவாகக் காட்டுகிறார்கள். ஒரு சனிக்கிழமை இவரும் நானும் போய்ப் பார்த்தோம். ஒரு பெனல்டியைத் திருப்பிக் காட்டியபோது அந்த வீட்டுக்காரர் "பிழை, பிழை! நடுவர் குருடன்!" என்று கத்தினார். தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

உங்களுக்கு இந்தத் திருப்பிப் பார்க்கிற கதையே பிடிக்காது. வாரநாளில் வரைபடம் கீறிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நடுவராக ஓடிய மனிதர் நீங்கள். "ஊதினது ஊதினதுதான், சரோ. படம் போட்டுப் பாக்கத் தொடங்கினா ஞாயிற்றுக்கிழமை மட்ச் புதன்கிழமையும் முடியாது" என்று சிரிப்பீர்கள். அந்த ஆட்டத்துக்குப் பிறகு நீங்கள் அப்படிச் சொல்லவேயில்லை.

பிளாக்டவுன் மைதானத்தில் நடந்த அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். சின்னவள் நடை பழகுவதை எடுக்க இவர் வாங்கிய சினிமாக் கமராவை நான் கொண்டு வந்திருந்தேன். உள்ளூர்க் கழகத்தின் ஆட்கள் கோலுக்குப் பின்னால் வேலியில் தொங்கிக்கொண்டு உங்கள் நிறத்தைச் சொல்லிச் சொல்லிக் கத்தினார்கள். இடைவேளைக்கு முன்னமே ஒரு போத்தல் உங்கள் காலடியில் வந்து விழுந்தது. நீங்கள் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஆட்டத்தை நடத்தினீர்கள்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்; நான் கமராவின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளூர்க் கழகத்தின் ஆள் கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிக்குள் பந்தோடு ஓடி விழுந்தான். காலைத் தட்டி விழுத்திவிட்டார்கள் என்று நீங்கள் ஊதிப் பெனல்டிப் புள்ளியைக் காட்டினீர்கள். எதிரணியின் பின்வரிசைக்காரன் ஜோசப், அந்த மோல்டாக்காரன், முழங்காலில் விழுந்து "பந்தைத்தான் தொட்டேன், பந்தைத்தான்" என்று உங்களைப் பார்த்துக் கதறினான். கோல் விழுந்தது. ஜோசப்பின் கழகம் தோற்று, கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டது. நடுவர் சனத்துக்குப் பயந்து ஊதிவிட்டார் என்று வாகனத் தரிப்பிடத்திலேயே பேச்சுத் தொடங்கிவிட்டது.

திரும்பி வரும்போது காருக்குள் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா, அண்ணா?

"சரோ, நான் கண்டுதான் ஊதினனானோ, பயந்து ஊதினனானோ எண்டு எனக்கே விளங்கேல்லை. சத்தம் முதல் வந்ததோ, விசில் முதல் போனதோ?"

"சும்மா இருங்கோ அண்ணா. ஒரு விளையாட்டுக்கு இப்பிடியோ?" என்றேன். அந்தப் பதிலை நான் எத்தனை தரம் திருப்பி விழுங்கப் பார்த்திருக்கிறேன்!

அதற்குப் பிறகு தினமும் தொலைபேசியில் ஒரே கேள்விதான். "படம் கழுவி வந்திட்டுதோ?" தபால்காரர்களின் வேலைநிறுத்தம், வரவில்லை. நாலாம் கிழமை வேலையிடத்தில் மேசையிலேயே சாய்ந்த நீங்கள் எழும்பவேயில்லை. உங்கள் எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவுக்கு அடுத்த நாள் படச்சுருள் வந்தது. தையல் மெசினின் இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன்.

நான் பயந்தது தீர்ப்புப் பிழையாக இருக்குமோ என்று மட்டுமில்லை. நீங்கள் பயந்தது அதில் தெரிந்துவிடுமோ என்றுதான் பயந்தேன்.

போன மாதம் உதைபந்தாட்டச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பெனல்டித் தீர்ப்புகளைப் படம் பார்த்து மாற்றலாமா என்று ஒரு கூட்டம் வைக்கிறார்களாம். சேலை கட்டிய பெண் ஒருத்தி அன்றைக்குப் படம் எடுத்தாள், அதைக் காட்டச் சொல்லுங்கள் என்று தோற்ற கழகம் கேட்டிருக்கிறது. படத்தை எரித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். உண்மை அண்ணா, நெருப்புப்பெட்டியைக் கையில் எடுத்தனான்.

அந்த ஞாயிறு பின்னேரம் கதவு தட்டுப்பட்டது. வாசலில் ஜோசப்! அந்தப் பெரிய உடம்பைக் கண்டதும் சின்னவளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடினேன். இவர்தான் போய்க் கதைத்தார். ஜோசப் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்களைப்போலவே தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் சொன்னான்.

"சண்டைக்கு வரவில்லை. என் பிள்ளைகள் நான்தான் அந்த ஆளை விழுத்தினேன் என்று நம்புகிறார்கள். எனக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்."

இவர் என்னைப் பார்த்தார். "சரோ, அண்ணையும் இதைத்தானே கேட்டவர்?"

திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, சுவரில் வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கட்டினோம்; இவர் படச்சுருளைப் புரொஜெக்டரில் ஏற்றினார். நான் கதிரையின் நுனியில் இருந்தேன்.

பந்து வருகிறது. ஜோசப்பின் கால் நீளுகிறது. முதலில் பந்தில் படுகிறது, பிறகுதான் விழுந்தவனின் காலில். ஜோசப் சொன்னது சரி. நீங்கள் பிழை, அண்ணா.

ஜோசப் முகத்தைப் பொத்திக்கொண்டான். நான் வெளிச்சத்தைப் போட எழும்பினேன். "பொறு" என்றார் இவர். "இன்னொருக்கா ஓட்டிறன். பந்தைப் பாக்காதை, அண்ணையைப் பார்."

சத்தமில்லாத படம். விசிலும் கேட்காது, கூச்சலும் கேட்காது. நான் பயத்தில் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்திருந்தபடியால் எல்லாம் அதில் இருந்தது: ஓடிவருகிற நீங்கள், உங்களுக்கும் பந்துக்கும் நடுவில் விழுந்தவனின் முதுகு, கோலுக்குப் பின்னால் வேலி. அந்த முதுகு மறைத்ததால் பந்து முதலில் தொடப்பட்டதை நீங்கள் கண்டிருக்கவே முடியாது.

மூன்றாம் தரம் ஓட்டியபோது ஜோசப் திடீரென்று எழுந்து விரிப்புக்குக் கிட்டப் போனான். "அந்தக் கைகளைப் பாருங்கள்" என்றான்.

நீங்கள் விசிலை வாய்க்குக் கொண்டு போகிறீர்கள். வேலிக்குப் பின்னால் நின்றவர்களின் கைகள் இன்னும் கீழேதான் இருக்கின்றன. ஒருவன் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு நிற்கிறான். நீங்கள் ஊதிப் புள்ளியைக் காட்டிய பிறகுதான் அத்தனை கைகளும் மேலே போகின்றன.

"உங்கள் அண்ணன் பிழை" என்றான் ஜோசப். "ஆனால் அவர்களுக்காகக் காத்திருந்து ஊதவில்லை." அதைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்று முகத்தில் தெரிந்தது. அப்போதுதான் நான் அழுதேன். செத்தவீட்டில்கூட அப்படி அழவில்லை.

நேற்றுக் கூட்டத்துக்குப் போனோம். படம் ஓடியதும் ஒருவர் "ஆக, பிழை" என்று எழுதிக்கொண்டார். தலைவர், "படம் கழுவி வர இரண்டு கிழமை. அதுவரைக்கும் விளையாட்டுக்காரரை மைதானத்திலேயே நிறுத்தி வைப்பதா?" என்று கேட்க எல்லாரும் சிரித்தார்கள். நான் எழும்பினேன். "கழகத்தைவிட நடுவருக்குத்தான் இது தேவை. என் அண்ணா சாகும்வரைக்கும் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்தவர்" என்றேன். மிச்சத்தைச் சொல்ல என் ஆங்கிலம் காணாமல் இருந்துவிட்டேன். ஜோசப் எழுந்து வேலிக்காரரின் கைகளைப் பற்றிச் சொன்னான். பழைய முடிவு மாறாது என்றும், மற்றதை அடுத்த பருவத்தில் யோசிப்போம் என்றும் சொல்லிக் கலைந்துவிட்டார்கள்.

உடனே திருப்பிப் பார்க்க ஒரு வழி மைதானத்திலேயே இருந்திருந்தால் நீங்கள் கோபித்திருப்பீர்களா, நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பீர்களா? எனக்குத் தெரியவில்லை. இன்னும் என்னென்ன பேசுவார்களோ!

ஆனால் அண்ணா, ஒரு சொல் தருகிறேன். நீங்கள் பிழை விட்டீர்கள் என்று யாராவது சொன்னால், ஓம், விட்டவர் என்பேன். பயந்து ஊதினீர்கள் என்று சொன்னால், என் வீட்டுக்குக் கூட்டிவந்து, விரிப்பைக் கட்டி, அந்தக் கைகளைக் காட்டாமல் அனுப்ப மாட்டேன்.

உங்களுக்கு மறுமொழி சொல்லப் பிந்திப்போன உங்கள் ஒரே தங்கச்சி,
சரோ